பயிற்றுவிப்பாளரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடும் முடிவு குறித்து ஒரு திறந்த மடல்

பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளுக்குப் பொறுப்பாக இருக்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

அடுத்த மாகாணப் போட்டிக்குச் செல்லும் அணிகளுடன் ஒரு பாடசாலைக்கு ஒரு பொறுப்பாசிரியர் மட்டுமே பயணம் செய்யலாம் என்றும், பாடசாலையின் ஆளணியில் இல்லாத பயிற்றுவிப்பாளர்களுக்குப் பஸ்ஸில் இடமோ, உணவோ, தங்குமிடமோ, மைதான அனுமதிச் சீட்டோ வழங்கப்படமாட்டாது என்றும் நீங்கள் எடுத்த முடிவு எங்களுக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. செலவைக் குறைப்பதே காரணம் என்று சொல்லப்பட்டுள்ளது. திருகோணமலையில் பெண் பிள்ளைகளுக்கு எறிதல் நிகழ்ச்சிகளில் பயிற்சி அளிப்பவள் என்ற வகையிலும், அதற்கு முன் இதே மாவட்டத்துக்காக ஈட்டி எறிந்தவள் என்ற வகையிலும் இந்த முடிவை என்னால் ஏற்க முடியாது. இதனால் பாதிக்கப்படும் பெற்றோரும் பிள்ளைகளும் கிண்ணியாவிலும் மூதூரிலும் சம்பூரிலும் குச்சவெளியிலும் கந்தளாயிலும் இருக்கிறார்கள். என்ன கேட்கப்படுகிறது என்பதை அவர்களும் அறிய வேண்டும் என்பதால் இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் வாசிக்க எழுதுகிறேன்.

உங்கள் முடிவின் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. வீராங்கனை ஒரு செலவு, பயிற்றுவிப்பாளர் வேறொரு செலவு, முதலாவதைத் தவிர்க்க முடியாது, இரண்டாவதைத் தவிர்த்துவிடலாம் என்பது அந்தக் கணக்கு. அது பிழையான கணக்கு. இவ்விருவரும் ஒரே வெயிலில் நின்று, ஒரே பசியோடும் ஒரே வலியோடும் ஒரே பயத்தோடும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். அந்த வேலையின் பாதியை வீட்டில் விட்டுவிட்டு மறு பாதியைப் போட்டிக்கு அனுப்புமாறு எங்களிடம் சொல்கிறீர்கள்.

ஆளணியில் இல்லாத இந்தப் பயிற்றுவிப்பாளர்கள் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நான் அறிந்த பாடசாலைகளில் உடற்கல்விக்கு ஓர் ஆசிரியரே இருக்கிறார். பாடமும் அவர்தான் எடுக்கிறார், இல்ல விளையாட்டுப் போட்டியையும் அவர்தான் நடத்துகிறார், வலைப்பந்து அணியும் கரப்பந்து அணியும் உதைபந்து அணியும் அவருடைய பொறுப்பிலேயே இருக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் ஈட்டிக்கும் முப்பாய்ச்சலுக்கும் சட்டவேலி ஓட்டத்துக்கும் தனித்தனியாக நுட்பம் சொல்லிக்கொடுக்க அவரால் முடியாது; அது அவருடைய குறையும் அல்ல. அந்த இடத்தை நிரப்புகிறவர்கள் பழைய வீரர்களும் வீராங்கனைகளும்தான். எங்களில் ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒருவர் மீன் வாடியில் கணக்கு எழுதுகிறார், நான் தையல் வேலை செய்கிறேன். உப்புவெளிக் கடற்கரை மணலில் விடியற்காலை ஓட்டப் பயிற்சி முடித்து, உதைபந்துப் பையன்கள் மைதானத்துக்கு வருமுன் ஈட்டிப் பயிற்சியையும் முடித்துக்கொண்டு, அதன் பிறகே எங்கள் பிழைப்பைத் தேடிப் போகிறோம். ஈட்டி எறியும் இடத்தில் வேறு எவரும் நிற்கக்கூடாது என்பதால் அந்த விடியல் நேரத்தைவிட எங்களுக்கு வேறு நேரம் கிடையாது. பிள்ளை எத்தனை மணிக்கு எழும்புகிறாளோ அதற்கு முன் நாங்கள் எழும்புகிறோம்.

மே மாதம் தொடங்கி ஓகஸ்ட் தாண்டும்வரை இங்கே கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று வீசும்போது பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸைக் கடப்பது வழமை. வெப்பத்துக்கு உடல் பழக ஏறக்குறைய இரண்டு வாரங்கள் தேவை என்பதும், கடும் உழைப்பில் உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் அது உயிராபத்து என்பதும், அப்படிப்பட்டவரை முதலில் குளிர்வித்துவிட்டு அதன் பிறகே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதும் விளையாட்டு மருத்துவத்தின் அடிப்படைப் பாடங்கள். இவற்றைப் புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது, ஆளையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு போட்டியில் 1500 மீற்றர் ஓடி முடித்த பிள்ளை ஒருத்தி, நீட்டிய தண்ணீர்ப் போத்தலை வாங்காமல், தான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டாள். அருகில் நின்ற அலுவலர், தோற்ற கவலையில் பேசுகிறாள் என்று எண்ணி அவளைத் தேற்றினார். அவளுடைய பயிற்றுவிப்பாளர் தூரத்திலிருந்தே அவளுடைய நடையைக் கண்டு ஓடிவந்து, நிழலுக்குத் தூக்கிப்போய், குளிர்பானப் பெட்டியில் இருந்த ஐஸையும் தண்ணீரையும் அவள்மேல் கொட்டினார். அந்தப் பிள்ளை பிழைத்தாள். அவள் சாதாரணமாக எப்படி நடப்பாள், களைத்தால் எப்படி நடப்பாள் என்பதைத் தினமும் அதே வெயிலில் நின்று பார்த்தவர் அவர் ஒருவரே. உங்கள் புதிய முடிவின்படி அவர் அன்று படலைக்கு வெளியே நின்றிருப்பார்.

பசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, நாட்டின் உணவுப் பணவீக்கம் 90 வீதத்துக்கு மேல் இருந்தது. அந்த மாதங்களில் எங்கள் பிள்ளைகளின் சாப்பாட்டிலிருந்து முதலில் முட்டை போனது, பின்னர் பால்மா போனது, சிலருக்குக் காலைச் சாப்பாடே போனது. எங்கள் வீடுகளிலும் அதே ஒழுங்கில்தான் போயிற்று. பெற்றோல் இல்லாமல் சைக்கிளில் வந்த பயிற்றுவிப்பாளரும் வெறும் பிளேன்டீயோடு வந்த பிள்ளையும் ஒரே அளவு சோர்ந்திருந்தார்கள். பாரம் தூக்குவதையும் பாய்ச்சல் பயிற்சிகளையும் குறைத்து, எறிதல்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, அவித்த கடலையும் பயறும் கொண்டுவந்து பகிர்ந்து அந்தக் காலத்தைக் கடத்தினோம். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை எங்கள் வயிறே எங்களுக்குச் சொல்லியது. அப்படிக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகளில் சிலர்தான் இன்று உங்கள் போட்டிப் பெயர்ப்பட்டியலில் இருக்கிறார்கள்.

வலியும் அப்படித்தான். சர்வதேச விதியில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களின் ஈட்டி 500 கிராம், வளர்ந்தவர்களின் ஈட்டி 600 கிராம். நூறு கிராம்தானே என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் பருவத்தில் முழங்கையின் உட்பக்கம் முதலில் நோகத் தொடங்குகிறது. பிள்ளை அதை மறைக்கிறாள், ஏனென்றால் சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறாள். அதே வயதில் அதே பயத்தோடு அதே முழங்கையை மறைத்தவள் நான். அவள் ஈட்டியை வைத்துவிட்டுக் கையை எப்படி உதறுகிறாள் என்பதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும். இன்றும் மழைக்காலத்தில் வாடைக்காற்று அடிக்கும்போது அந்தக் கை எனக்கு நோகிறது.

இனி மைதானத்துக்குள் வருவோம். எறிதல் நிகழ்ச்சியில் ஒவ்வொருவருக்கும் முதலில் மூன்று முயற்சிகள். முதல் எட்டு இடங்களுக்குள் வருகிறவர்களுக்கு மேலும் மூன்று. இரண்டு முயற்சிகளுக்கு இடையில் ஒரு பயிற்றுவிப்பாளர் சொல்வது அதிகம் இல்லை. “கைய அவசரப்பட்டு இழுக்காத, கால் முதல்ல ஊண்டட்டும்” என்ற ஒரு வசனம் போதும். ஆனால் அந்த வசனம் பல மாதப் பயிற்சியில் இருவருக்கும் இடையில் உருவானது, வேறொருவர் சொன்னால் பிள்ளைக்கு அது விளங்காது. உலக மெய்வல்லுநர் சம்மேளனத்தின் தொழில்நுட்ப விதிகளும் இதை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. எறிதல், பாய்தல் நிகழ்ச்சி ஒவ்வொன்றும் நடக்கும் இடத்துக்கு அருகில், பார்வையாளர் பகுதியில், வீரர்களின் பயிற்றுவிப்பாளர்களுக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்று அவை கூறுகின்றன. ஈட்டியின் நிறைக்கும் வட்டத்தின் அளவுக்கும் அந்த விதிகளைப் பார்த்து நடக்கும் நீங்கள், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட முடியாது.

தண்டனை என்று வரும்போது இருவரும் ஒன்றாகவே கட்டப்பட்டிருக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். விளையாட்டில் ஊக்கமருந்துக்கு எதிரான 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்புக் கோவை வீரர்களுக்குரிய கடமைகளை எழுதியது போலவே, பயிற்றுவிப்பாளர் உட்பட அவர்களுக்குத் துணைநிற்போருக்கான கடமைகளையும் தனியே எழுதியிருக்கிறது. தடைசெய்யப்பட்ட பொருளைக் கொடுத்தாலோ, அதற்கு உடந்தையாக இருந்தாலோ பயிற்றுவிப்பாளரும் தடைசெய்யப்படுவார். பாடசாலைச் சம்பளப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை என்ற காரணம் அங்கே எங்களைக் காப்பாற்றாது. அது சரியானதுதான், நான் அதை எதிர்க்கவில்லை. பொறுப்பில் எங்களை ஒன்றாகப் பார்க்கும் கண், சோற்றுப் பார்சலிலும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னை எழுத வைத்தது பெண் பிள்ளைகளின் நிலைதான். எங்கள் மாவட்டத்தில் ஒரு பெண் பிள்ளை வெளியூர்ப் போட்டிக்குப் போவது வீட்டில் எடுக்கப்படும் ஒரு முடிவு. தாய் கேட்பார், தகப்பன் கேட்பார், அம்மம்மா கேட்பார், சில வீடுகளில் மாமாவும் கேட்பார்: யார் கூடப் போறது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே நான் கிண்ணியாவிலும் மூதூரிலும் வீடு வீடாகப் போய்ப் பாயில் இருந்து தேநீர் குடித்திருக்கிறேன். பிள்ளையின் உடுப்பு எப்படி இருக்கும், எந்த நேரம் தொழுகைக்கு விடுவீர்கள், இரவில் எங்கே படுப்பாள், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டபின் அவர்கள் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: “நீங்க கூடப் போறதெண்டா அனுப்புறம்.” அவர்கள் கையெழுத்திட்டது உங்கள் படிவத்தில் என்றாலும், நம்பியது அந்த ஒரு வாக்கை. பல பாடசாலைகளில் பொறுப்பாசிரியராகச் செல்பவர் ஆண். அவர் நல்லவராக இருக்கலாம், அப்படி நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரவில் வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பிள்ளைக்கு மாதவிலக்குத் தொடங்கிவிட்டால், மறுநாள் காலை அவளுக்கு இறுதிப் போட்டி இருந்தால், அவள் அவரிடம் போய்ச் சொல்லப்போவதில்லை. சொல்லாமல், தண்ணீரும் குடிக்காமல், வெளிக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு வெயிலில் நிற்பாள். நான் அப்படி நின்றிருக்கிறேன்.

எனக்குப் பயிற்சி தந்த சேர் ஓர் ஆண். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முன், துறையடியில் பாதை என்னும் மிதவைப் படகுக்காகக் காத்திருந்து அக்கரை போய்த்தான் நாங்கள் அந்த வழியால் பயணம் செய்தோம். போட்டிப் பயணங்களில் அவர் தன் மனைவியையும் அழைத்து வருவார். அந்த அம்மாவின் செலவை அவர்களே ஏற்றார்கள். அன்று ஒரு குடும்பம் தன் கைக்காசால் செய்ததை இன்று ஒரு நிர்வாகம் தன் பாதீட்டில் செய்ய முடியாது என்று சொல்வதை நான் எப்படி எங்கள் பெற்றோருக்கு விளக்குவது? இந்த அறிவித்தல் வந்தபின் ஏற்கெனவே சில வீடுகளிலிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்துவிட்டன. பிள்ளையை அனுப்பவில்லை என்கிறார்கள். தகுதிபெற்ற பிள்ளைகள் அவர்கள். அவர்கள் வராமல் போனால், அதை விருப்பமின்மை என்று பதியாதீர்கள்.

பெயரும் புகழும் இருவருக்கும் சமமாக வருவதில்லை என்பதை நாங்கள் அறிவோம். ஒலிம்பிக்கில்கூடப் பதக்கம் வீரருக்கு மட்டும்தான். 1948இல் டங்கன் வைற்றுக்கும் 2000இல் சுசந்திகா ஜயசிங்கவுக்கும் கிடைத்த பதக்கங்கள் அவர்களுடையவை. அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. ஆனால் உழைப்பைக் கண்டுகொள்ள வேறு வழிகள் உண்டு. 1984இல் லொஸ் ஏஞ்சலிஸில் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் பி. டி. உஷா ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கால் வெண்கலப் பதக்கத்தைத் தவறவிட்டார். அடுத்த ஆண்டு இந்தியா பயிற்றுவிப்பாளர்களுக்கென்று துரோணாச்சாரியர் விருதை ஏற்படுத்தியபோது, முதலாண்டிலேயே அதைப் பெற்றவர்களில் ஒருவர் அவருடைய பயிற்றுவிப்பாளர் ஓ. எம். நம்பியார். நாங்கள் விருது கேட்கவில்லை. எங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க இடம் கேட்கிறோம்.

உங்கள் தரப்பில் ஒரு நியாயமான பயம் இருக்கலாம். வெளியார் எவரும் சோதிக்கப்படாமல் பிள்ளைகளோடு தங்கக்கூடாது. இதில் நான் உங்களைவிடக் கண்டிப்பாக இருக்கிறேன். வாழ்வு ஒன்றாக இருந்தாலும் அதிகாரம் ஒன்றல்ல. பிள்ளையை அணியில் சேர்க்கவும் நீக்கவும் பயிற்றுவிப்பாளரால் முடியும், பிள்ளையால் முடியாது. அந்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் எந்த நாட்டிலும் இருக்கிறார்கள், ஆளணிக்குள்ளும் இருக்கலாம், வெளியிலும் இருக்கலாம். ஆகவே எங்களைப் பதிவு செய்யுங்கள், விசாரியுங்கள், நடத்தை விதிகளில் கையெழுத்து வாங்குங்கள். எல்லோரையும் வெளியே விட்டுவிட்டால் அந்தச் சோதனையைச் செய்யும் வேலை உங்களுக்கு மிச்சமாகும், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு அதிகமாகாது.

எனவே நான் கேட்பவை இவை. போட்டிக்கான பெயர்ப்பதிவு முடியுமுன் இந்த முடிவை மீளப்பெறுங்கள். முழுமையாக முடியாவிட்டால், ஓட்டம், பாய்தல், எறிதல் ஆகிய ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கல்வி வலயத்திலிருந்து குறைந்தது ஒரு பயிற்றுவிப்பாளரையாவது அணியோடு பயணம் செய்யவும் தங்கவும் அனுமதியுங்கள். அவருக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே சாப்பாட்டைக் கொடுங்கள், அதற்குமேல் கொடுப்பனவு எதுவும் இந்தப் போட்டிக்கு நாங்கள் கேட்கவில்லை. பெண் பிள்ளைகள் இருக்கும் எந்தப் பஸ்ஸும் அவர்களுக்குப் பழக்கமான ஒரு பெண் பயிற்றுவிப்பாளரோ ஆசிரியையோ இல்லாமல் புறப்படக்கூடாது என்பதை எழுத்தில் விதியாக்குங்கள். இதில் செலவைக் காரணம் காட்ட இடம் வைக்காதீர்கள்.

பாடசாலைக்கு வெளியிலிருந்து வரும் பயிற்றுவிப்பாளர் அனைவரையும் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் பொலிஸ் சான்றிதழும் பெற்று வலய மட்டத்தில் பதிவு செய்து, படத்துடன் கூடிய அடையாள அட்டை வழங்குங்கள். பிள்ளைகளும் பெற்றோரும் பயமின்றி முறையிட ஒரு பெண் அலுவலரை நியமியுங்கள். எறிதல், பாய்தல் நிகழ்ச்சிகளின் அருகே பயிற்றுவிப்பாளர்களுக்கான இடத்தை, நடுவர்களுக்கு இடையூறு இல்லாதபடி, கயிறு கட்டியாவது ஒதுக்குங்கள். கச்சான் காலத்தில் நடக்கும் போட்டிகளில் 1500 மீற்றருக்கும் அதற்கு மேற்பட்ட ஓட்டங்களுக்கும் காலை ஒன்பது மணிக்கு முன்னரோ மாலை நான்கு மணிக்குப் பின்னரோ நேரம் ஒதுக்கி, ஓட்டம் முடியும் இடத்தில் நிழலும் ஐஸும் ஜீவனிக் கரைசலும், குளிர்விக்கத் தெரிந்த ஒருவரும் இருப்பதை உறுதிசெய்யுங்கள்.

இந்த மடலுக்கான பதிலைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தில் தாருங்கள். கந்தளாயில் இதே பிள்ளைகளோடு போட்டியிடும் சிங்களப் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பவர்களும் இதே அறிவித்தலால் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். முடிவை மாற்றுவதில்லை என்று நீங்கள் தீர்மானித்தால், அந்தப் பதிலை எனக்கு அனுப்புவதோடு நில்லாமல், பிள்ளையை அனுப்ப மறுத்த பெற்றோரை ஒரு நாள் அழைத்து, நேரில் நின்று அவர்களுடைய கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். நாளையும் இடத்தையும் நீங்கள் குறித்தால், அவர்களை அழைத்துவருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
எறிதல் நிகழ்ச்சிப் பயிற்றுவிப்பாளர் ஒருவர்,
திருகோணமலை.